அணைக்கு அணை சைக்கிளில் ஒரு வாரம்: கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்

போன தை மாதம் நாங்கள் ஐந்து பேர் ஈரோட்டில் சைக்கிளை எடுத்து, ஏழாம் நாள் பொழுதோட ஆழியாறு அணையில் போய் நிறுத்தினோம். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள், ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஒருவன் விசைத்தறி ஓட்டுகிறான், ஒருவன் மருந்துக்கடை வைத்திருக்கிறான், ஒருவன் பெங்களூரில் மென்பொருள் வேலை, இன்னொருவன் வாத்தியார். நான் கணக்கு எழுதுகிறவன். திரும்பி வந்ததிலிருந்து சொந்தக்காரர்களும் கூடப் படித்தவர்களும் கேட்ட கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதிவைத்துவிட்டேன்.

கொங்கு நாட்டில் ஏரியெல்லாம் எங்கே இருக்கிறது? வறண்ட பூமிதானே?

வறண்ட பூமி என்பதால்தான் இத்தனை நீர்நிலைகள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறோம். தானாக உண்டான பெரிய ஏரி என்று இங்கே எதையும் காட்ட முடியாது. நீங்கள் பார்க்கப்போகும் ஒவ்வொரு தண்ணீரும் யாரோ கல்லையும் மண்ணையும் சுமந்து நிறுத்திவைத்தது. கொடிவேரித் தடுப்பணை 1125இல் கட்டியது என்று சொல்கிறார்கள். காலிங்கராயன் வாய்க்கால் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 1283இல் வெட்டி முடித்தார்கள். பவானிசாகர் 1955இல் முடிந்தது. அமராவதி 1957. ஆழியாறு 1960களில் கட்டியது.

பேரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோவை, திருப்பூர் பக்கம் குளம் என்றுதான் சொல்வோம். அந்தியூர்ப் பக்கம் போனால் ஏரி என்பார்கள். வழி கேட்கும்போது இதில் குழம்பி இரண்டு கிலோமீட்டர் சுற்றியவர்கள் நாங்கள்.

எந்த மாதம் போகலாம்?

மார்கழிக் கடைசியிலிருந்து மாசி முதல் வாரம் வரை. வெயில் குறைவு என்பது இரண்டாவது காரணம்தான். முதல் காரணம் காற்று.

பாலக்காட்டுக் கணவாய் என்று மலைத்தொடரில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு இடைவெளி இருக்கிறது. வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகத்தான் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் என்று அடித்துக்கொண்டு வரும். அந்தப் பக்கமெல்லாம் காற்றாலையாக நிற்பது இதனால்தான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை நாங்கள் பழமொழி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மூன்று வருடம் முன்பு ஒரு ஜூலை மாதம் தாராபுரத்திலிருந்து உடுமலைக்கு மேற்கு நோக்கி மிதித்துப் பார்த்த பிறகு நம்பிக்கை வந்தது. இறக்கத்தில்கூட மிதித்தால்தான் சைக்கிள் நகர்ந்தது. மூன்று மணி நேரத்தில் போகவேண்டிய தூரத்துக்கு ஆறரை மணி நேரம் ஆனது.

தை மாதத்தில் காற்று கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் லேசாக வரும். அதனால் கிழக்கே ஈரோட்டில் தொடங்கி மேற்கே ஆழியாறில் முடித்தால் காற்று உங்கள் முதுகில் இருக்கும். ஆடியில்தான் லீவு கிடைக்கும் என்றால் இதே வழியைத் தலைகீழாகப் போங்கள். கூகுள் காட்டும் கிலோமீட்டரை மட்டும் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். காற்றுக்கு எதிரே 40 கிலோமீட்டர் போவதும் காற்றோடு 80 போவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

தண்ணீர்க் கணக்கும் தை மாதத்துக்கு ஒத்துவரும். கீழ்பவானி வாய்க்காலுக்கு வழக்கமாக ஆகஸ்டு 15 வாக்கில் முதல் போகத்துக்குத் திறப்பார்கள், 120 நாள் ஓடும். அப்புறம் தையை ஒட்டி அடுத்த முறை. வடகிழக்கு மழையும் பெய்து முடிந்திருப்பதால் குளங்களிலும் தண்ணீர் நிற்கும். சித்திரையில் போனால் இதே ஊரைப் பார்த்துவிட்டு இதை எழுதியவனைத் திட்டுவீர்கள்.

நீங்கள் போன வழியைச் சொல்லுங்கள்.

மொத்தம் 400 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தூரமெல்லாம் சுமாராகத்தான் சொல்கிறேன். டீக்கடைக்கு ஒதுங்கியதையும் வழி தவறியதையும் சேர்க்கவில்லை.

முதல் நாள், ஈரோட்டிலிருந்து காலிங்கராயன் வாய்க்காலை ஒட்டியும் விட்டும் பவானிக்கு. கூடுதுறையில் பவானியும் காவிரியும் சேர்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அமுதநதியும் சேர்வதாக ஐதீகம். அங்கே சங்கமேசுவரரைக் கும்பிட்டுவிட்டு, கவுந்தப்பாடி வழியாகக் கோபி. 50 கிலோமீட்டர். பவானி அணைக்கட்டில் தொடங்கும் இந்த வாய்க்கால் 56 மைல் நீளம். நேராக வெட்டியிருந்தால் 36 மைலில் முடிந்திருக்கும். பாம்பு போனபடி வெட்டச் சொன்னார்கள் என்று ஊரில் கதை சொல்வார்கள். எனக்கு என்னவோ, மேட்டு நிலத்துக்கும் தண்ணீர் ஏறவேண்டும் என்று சரிவு பார்த்து வெட்டியவர்கள் செய்த வேலையாகத்தான் தெரிகிறது. கரையில் சைக்கிள் ஓட்டினால் அந்தச் சரிவு காலுக்கே புரியும். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

இரண்டாம் நாள் கோபியிலிருந்து கொடிவேரி, சத்தியமங்கலம், பவானிசாகர். 45 கிலோமீட்டர். பயணத்திலேயே அழகான நாள் இதுதான், இன்னொரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டாலும் தகும். கொடிவேரியில் இருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை என்று இரண்டு வாய்க்கால்கள் பிரிகின்றன. இரண்டு பக்கமும் நெல், கரும்பு, வாழை, நடுவே தென்னை. எட்டு நூற்றாண்டுக்கு மேலாக அந்தத் தடுப்பணை மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கிறது. எங்கள் விசைத்தறிக்காரன் அரை மணி நேரம் வாயே திறக்காமல் அங்கே உட்கார்ந்திருந்தான். அவனை நாற்பது வருடமாகத் தெரியும், அப்படிப் பார்த்ததில்லை.

பவானிசாகர் அணையின் மண்கரை கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் நீளும். நீர்மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). பவானியும் மாயாறும் சேரும் இடம் இது. நீர்மட்டம் நன்றாக இறங்கினால் உள்ளே மூழ்கிக் கிடக்கும் டணாய்க்கன் கோட்டை வெளியே தெரியும். நாங்கள் போனபோது தண்ணீர் நிறைய இருந்தது, கோட்டை தெரியவில்லை. அதற்காக வருத்தப்படுவதா சந்தோஷப்படுவதா என்று வாத்தியார் கேட்டார். இந்த அணைக்காகச் சட்டமன்றத்தில் ஓயாமல் வாதாடியவர் தியாகி ஈஸ்வரன். கீழ்பவானிப் பாசனத்தில் இன்று இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் விளைகிறது.

மூன்றாம் நாள் பவானிசாகர், புஞ்சைப் புளியம்பட்டி, சேவூர், அவிநாசி, அங்கிருந்து திருப்பூருக்கு வடக்கே நஞ்சராயன் குளம். 60 கிலோமீட்டர். புளியம்பட்டியில் வியாழக்கிழமை என்றால் சந்தைக் கூட்டத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும், ஆனால் பார்க்கத் தவறக்கூடாது. இந்தப் பக்கம் முழுக்க மேட்டாங்காடு. அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தில் இப்போது குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் வருகிறது. பல பத்தாண்டுக் கோரிக்கை, 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். பவானி ஆற்றின் உபரி நீரில் வருடத்துக்கு 1.5 டி.எம்.சி.யை ஆறு நீரேற்று நிலையங்கள் மூலம் தூக்கி, 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகிறார்கள். வழியில் குட்டைக்கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "எங்க அப்பாரு காலத்துல பேசுன தண்ணீங்க இது" என்றார்.

நான்காம் நாள் காங்கேயம். வேண்டுமென்றே குறைத்து வைத்தது, 40 கிலோமீட்டர்தான். ஊத்துக்குளியில் வெண்ணெய், நெய் வாங்க நின்றால் மனைவிமார்களிடம் நல்ல பேர் கிடைக்கும். நான் வாங்கிய நெய், பையில் உருகி உடைக்குள் இறங்கியது தனிக்கதை. பொழுதோட சிவன்மலை ஏறிப் பாருங்கள். அங்கே ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒன்று உண்டு. பக்தர் கனவில் முருகன் வந்து சொல்லும் பொருளை, பூக்கேட்டு உத்தரவு வாங்கிய பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். அந்தப் பொருளுக்கு என்ன ஆகும் என்று ஊர் முழுக்கப் பேசும்.

ஐந்தாம் நாள் காங்கேயம், தாராபுரம், உடுமலை. 75 கிலோமீட்டர், கடினமான நாள். கிளுவை வேலி போட்ட கொறங்காடு (மேய்ச்சல் நிலம்), அதில் மேயும் காங்கேயம் மாடுகள், வெள்வேல மரம், மறுபடி கொறங்காடு. பார்க்க ஒன்றுமில்லை என்று பெங்களூர்க்காரன் அலுத்துக்கொண்டான். எனக்கு அந்த நாள்தான் ஊர் என்று தோன்றியது. தாராபுரத்தைத் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. உடுமலைக்கு இன்னும் 40க்கு மேல் இருந்தது.

ஆறாம் நாள் மூட்டையை உடுமலையிலேயே வைத்துவிட்டு அமராவதி அணையும் திருமூர்த்தி அணையும் போய்த் திரும்பினோம், 70 கிலோமீட்டர். சுமை இல்லாத சைக்கிள் பறந்தது. அமராவதி 90 அடி அணை, கரூர் வரைக்கும் பாசனம். பக்கத்திலேயே முதலைப் பண்ணை. மூன்று நாள் முன்பு அவிநாசியில் தாமரைக்குளத்து முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட கதையை வாத்தியார் சொல்லியிருந்தார். பண்ணையில் வாயைத் திறந்துகொண்டு அசையாமல் கிடந்ததைப் பார்த்ததும் மருந்துக்கடைக்காரன், "வாத்தியாரே, ஒரு பதிகம் பாடுங்க, ஏதாவது வெளிய வருதான்னு பார்ப்போம்" என்றான்.

ஏழாம் நாள் உடுமலையிலிருந்து தேவனூர்ப்புதூர், ஆனைமலை வழியாக ஆழியாறு. 50 கிலோமீட்டர் முழுக்கத் தென்னந்தோப்பு நிழல். வலதுகை ஓரத்தில் தோப்பு, இடதுகை ஓரத்தில் மலை. எட்டாம் நாள் காலையில் பொள்ளாச்சி ரயிலடிக்கு 24 கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம்.

ஏன் கோயம்புத்தூரைச் சேர்க்கவில்லை?

கோவைக் குளங்கள் நொய்யலில் இருந்து ஒன்றையடுத்து ஒன்றாக நிரம்பும் பழைய சங்கிலி. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் எல்லாம் பார்க்கவேண்டியவைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு உள்ளூர்க்காரராகச் சுற்றிவருவது வேறு, மூட்டையோடு அவிநாசி ரோட்டு நெரிசலில் நுழைவது வேறு.

ஒரு வழியாகப் பார்த்தால் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று குழப்பமாக இருக்கிறதே?

இதைக் கேட்டவர் பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்ற என் மாமா. அவருக்குத் தெரியாததில்லை, எனக்குத் தெரிகிறதா என்று பார்க்கத்தான் கேட்டார். ஆனால் நல்ல கேள்வி.

முதல் இரண்டு நாள் நீங்கள் பவானியின் தண்ணீரை எதிர்த்துப் போகிறீர்கள். கூடுதுறை கடைசி, பவானிசாகர் மூலம். நான்காம் ஐந்தாம் நாள் காங்கேயம் பக்கம் நிலத்தில் சின்னச்சின்ன வாய்க்கால்கள் குறுக்கிடும். அவை பி.ஏ.பி. வாய்க்கால்கள், அதாவது பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம். மேற்கே கேரளத்துக்குள் ஓடவேண்டிய மலைத்தண்ணீரைச் சுரங்கத்திலும் கால்வாயிலும் கிழக்கே திருப்பி, திருமூர்த்தி அணைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து காங்கேயம் வரை அனுப்புகிறார்கள். பாசன நிலத்தை நான்கு மண்டலமாகப் பிரித்து முறைவைத்துத் தண்ணீர் விடுவார்கள். தமிழ்நாடும் கேரளமும் 1970இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம். பரம்பிக்குளம் அணை இருப்பது பாலக்காடு மாவட்டத்தில், இயக்குவது தமிழ்நாடு.

ஆக, ஐந்தாம் நாள் கடைமடையில் வறண்டு கிடந்த வாய்க்காலைத் தாண்டி, ஆறாம் நாள் அதன் தலைமடையில் போய் நிற்கிறீர்கள். எங்கள் பயணத்துக்கு நான் கண்ட பொருள் இதுதான். காரில் போயிருந்தால் ஒரு வாய்க்காலைக்கூடக் கவனித்திருக்க மாட்டேன்.

எந்த சைக்கிள்? கியர் இல்லாமல் முடியுமா?

முடியும். வாத்தியார் தன் அப்பா காலத்து கருப்பு சைக்கிளில்தான் வந்தார், ஒருநாளும் கடைசியாக வரவில்லை. மற்ற நான்கும் கியர் வண்டி. ஈரோட்டை விடக் கோவை 200 மீட்டருக்கு மேல் உயரம். உடுமலையும் ஈரோட்டை விட உயரம்தான். மேற்கே போகப்போகத் தெரியாமலே ஏறிக்கொண்டிருப்பீர்கள். அதனால் கியர் இருந்தால் முழங்கால் நன்றி சொல்லும். மலைப்பாதை கிடையாது. ஆனால் மேடும் பள்ளமுமாக அலை மாதிரி வரும்.

டயர் மட்டும் 32 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பெங்களூர்க்காரனின் சைக்கிள் மற்ற நால்வர் வண்டியையும் சேர்த்த விலைக்கு மேல். மெல்லிய டயர். அடுத்த பதிலைப் படியுங்கள்.

பஞ்சர் ஆனால்?

ஆகும். ஏழு நாளில் பதினொன்று, அதில் ஏழு அவனுக்கு. காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் ரோட்டோரம் கால் ஊன்ற இறங்கினாலே வேலமுள் ஏறிவிடும், வேலி கழித்துப் போட்ட நாட்களில் இன்னும் மோசம். நெருஞ்சியும் உண்டு. ஓய்வெடுக்கும்போது சைக்கிளை மண்ணில் இறக்காமல் தார் ரோட்டு ஓரத்திலேயே நிறுத்துங்கள். இல்லையென்றால் தூக்கிக்கொண்டு போங்கள்.

ஊருக்கு ஊர் பஞ்சர் கடை இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் பைக்குக்கும் லாரிக்கும். பைக் மாதிரித் தடித்த வால்வு உள்ள டியூப் என்றால் எங்கேயும் காற்றடிக்கலாம். மெலிந்த வால்வு என்றால் கடைக்காரர் பரிதாபமாகப் பார்ப்பார். பத்துப் பதினைந்து ரூபாய்க்கு ஒரு சின்னப் பித்தளை மூடி கிடைக்கும், அதை மேலே திருகினால் பைக் பம்பு பிடிக்கும். ஆளுக்கு ஒன்று வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாற்று டியூப், ஒட்டுப் பெட்டி, கைப்பம்பு, செயினுக்கு எண்ணெய். அவ்வளவுதான். முள்ளைப் பிடுங்கிய பின் டயரின் உள்பக்கம் விரலால் தடவிப் பார்க்காமல் புது டியூபைப் போடாதீர்கள். நாங்கள் ஒரே முள்ளுக்கு இரண்டு டியூப் கொடுத்தோம்.

காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டும்?

வெள்ளன. ஐந்தரைக்கு எழுந்து, கண் தெரிந்ததும் கிளம்பி, பதினொன்றுக்குள் முக்கால் தூரம் முடித்துவிடவேண்டும். தை மாதமாக இருந்தாலும் நடுப்பகல் வெயில் உண்டு. மிச்சத்தை நாலு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். இருட்டியபின் ஓட்டவேண்டாம். கரும்பு டிராக்டருக்குப் பின்னால் விளக்கு இருக்காது.

ஐந்து பேருக்குள் சண்டை வரவில்லையா?

வந்தது. ஐந்தாம் நாள், தாராபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால்.

மருந்துக்கடைக்காரன் காலையில் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு பேர் வேகம் பிடித்து முன்னால் போய்விட்டார்கள், அதில் நானும் ஒருவன். அவன் பின்னால் தனியாக, தண்ணீரும் தீர்ந்து, தலை சுற்றி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். நாங்கள் தாராபுரத்தில் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தோம். போன் எடுக்கவில்லை என்று அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. திரும்பிப் போய்ப் பார்த்தால், அந்த வழியாக நடந்துபோன பழனிப் பாதயாத்திரைக்காரர்கள் அவனுக்கு மோரும் வாழைப்பழமும் கொடுத்து, ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவன் எங்களைப் பார்த்துச் சொன்னது: "முன்னப்பின்ன தெரியாதவங்க உக்காந்தாங்க. நீங்க போயிட்டீங்கடா." அதற்குப் பதில் இல்லை.

அன்று இரவு உடுமலையில் இரண்டு விதி போட்டோம். ஒன்று, மெதுவாக ஓட்டுகிறவன்தான் முன்னால் போவான், மற்றவர்கள் அவன் வேகத்துக்கு. இரண்டு, பத்துக் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஐந்து தலையையும் எண்ணவேண்டும். இதை ஈரோட்டிலேயே போட்டிருக்கவேண்டும்.

இன்னொன்று பணம். யார் எதற்குக் கொடுத்தார்கள் என்று தினமும் பேசினால் உறவு கசக்கும். முதல்நாளே ஆளுக்கு ஒரு தொகை போட்டு ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். கணக்கு எழுதுகிறவன் நான் என்பதால் என் தலையில் விழுந்தது. குறட்டை விடுகிறவரையும் முன்பே தெரிந்துகொண்டு அறை பிரிப்பது நல்லது.

தைப்பூச சமயத்தில் போகலாமா?

போகலாம், தெரிந்துகொண்டு போங்கள். பூசத்துக்குப் பத்து நாள் முன்பிருந்தே காங்கேயம், தாராபுரம் ரோடுகளில் காவடியோடு பழனிக்கு நடக்கிறவர்கள் விடிய விடிய வருவார்கள். வழி நெடுக அன்னதானப் பந்தல். சைக்கிளில் வருகிறவரையும் "வாங்க சாமி" என்று கையைப் பிடித்து உட்காரவைப்பார்கள். ஆனால் விடுதி கிடைக்காது. நாங்கள் போனில் சொல்லிவைத்த ஒரு விடுதியில் இரவு எட்டு மணிக்குப் போய் நின்றபோது அறையை வேறு ஒரு குடும்பத்துக்குக் கொடுத்திருந்தார்கள். கல்யாண மண்டபத்துத் திண்ணையில் பவானி ஜமக்காளம் விரித்துத் தூங்கினோம். முதல்நாள் பவானியில் ஆளுக்கு ஒன்று வாங்கி, சுமை சுமை என்று திட்டிக்கொண்டே வந்த அதே ஜமக்காளம்.

சாப்பாடு?

இதற்குக் கவலையே வேண்டாம். அரிசிம்பருப்புச் சோறு எந்த ஊர் மெஸ்ஸிலும் கேட்டால் ஒரு நாளாவது இருக்கும். சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு அதைவிட நல்ல சாப்பாட்டை இனிமேல்தான் கண்டுபிடிக்கவேண்டும். காலையில் சந்தகை (இடியாப்பம் மாதிரி) கிடைத்தால் விடாதீர்கள், தேங்காய்ப்பால் ஊற்றி. ரோட்டோரக் கம்மங்கூழ், மோர் மிளகாய், பத்தரை மணிக்கு. பவானிசாகரிலும் ஆழியாறிலும் அணை மீன் பொரித்துத் தருவார்கள். பள்ளிபாளையம் சிக்கன் இரவுக்கு மட்டும், ஓட்டும்போது வேண்டாம். பொள்ளாச்சிப் பக்கம் வந்துவிட்டால் தண்ணீர்ப் பாட்டிலே தேவையில்லை, எளநி இருக்கிறது.

வெயிலில் மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் குடியுங்கள், இரண்டு பாட்டிலுக்கு ஒன்றில் உப்பும் சர்க்கரையும். தாகம் எடுத்தபிறகு குடிப்பது தாமதம்.

குளங்களிலும் அணையிலும் குளிக்கலாமா?

கொடிவேரியில் அனுமதித்த இடத்தில், ஆற்றில் வெள்ளம் இல்லாதபோது. வெள்ளம் வந்தால் அவர்களே மூடிவிடுவார்கள். தடுப்பைத் தாண்டி இறங்கி உயிரை விட்டவர்கள் அங்கே நிறையப் பேர். அணைத் தேக்கத்தில் எங்கேயும் இறங்காதீர்கள். கீழ்பவானி வாய்க்கால் அமைதியாகத் தெரியும். இறங்கினால் இழுக்கும், கரை வழுக்கும், ஏறமுடியாது. திருமூர்த்தி மலைப் பஞ்சலிங்க அருவி நன்றாக இருக்கும். மேலே மழை பெய்தால் அடிவாரத்து அமணலிங்கேசுவரர் கோயிலையே தண்ணீர் சூழ்ந்துவிடும், ஆகவே அங்கே இருக்கிறவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

யானை வருமா?

பவானிசாகர், அமராவதி, ஆழியாறு மூன்றும் காட்டு ஓரம். நீர்த்தேக்கத்துக்கு யானை தண்ணீர் குடிக்க வரும். சத்தியமங்கலம் 2013 முதல் புலிகள் காப்பகம். பண்ணாரிக்கு அந்தப் பக்கம் திம்பம் மலைப்பாதையில் சைக்கிளை விடும் யோசனையே வேண்டாம். விடிந்து நன்றாக வெளிச்சம் வந்தபிறகு கிளம்புங்கள், ஐந்தரை மணி விதி இந்த மூன்று இடத்துக்கும் பொருந்தாது. உள்ளூர்க்காரர் "இருங்க" என்றால் இருங்கள். நாங்கள் பார்த்தது சாணம் மட்டும், அதுவே போதும் என்று இருந்தது.

யானையை விட நாய்தான் தொல்லை. தோட்டத்து வீடான சாளையில் இருந்து இரண்டு மூன்று சேர்ந்து பாயும். வேகமாக மிதித்தால் துரத்தும். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து, அதட்டினால் நின்றுவிடும். பெரும்பாலும் உள்ளிருந்து ஓர் ஆயா, "அது ஒண்ணும் பண்ணாதுங்க கண்ணு" என்பார். நாய்க்கு அது தெரியுமா என்பதுதான் கேள்வி.

பறவை பார்க்கலாமா? வெள்ளோடு ஏன் வழியில் இல்லை?

வெள்ளோடு ஈரோட்டிலிருந்து 15 கிலோமீட்டர்தான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முந்தின நாள் மதியம் வந்து, பொழுதோட அங்கே போய்வந்துவிடலாம். சைக்கிள் சரியாக இருக்கிறதா என்று பார்த்ததாகவும் ஆகும். 77 ஹெக்டேர் ஏரி, 1996இல் சரணாலயம், 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கூழைக்கடா, கரண்டிவாயன், நத்தைகுத்தி நாரை எல்லாம் இந்த மாதங்களில் இருக்கும். நஞ்சராயன் குளமும் 2024இல் அதே பட்டியலுக்குப் போனது. சுமார் 125 ஹெக்டேர், நல்லாற்று ஓடையில் நிரம்புவது. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து அங்கே வந்திறங்குவதைப் பறவை ஆர்வலர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். பனியன் கம்பெனி பஸ் ஓடும் ஊருக்குப் பக்கத்தில்.

நொய்யலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

திருப்பூரிலிருந்து காங்கேயம் போகும் நாளில் நொய்யலைத் தாண்டுவீர்கள். கீழே ஒரத்துப்பாளையம் என்று ஓர் அணை இருக்கிறது. பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் கட்டினார்கள். சாயக்கழிவு வந்து நிறைந்ததால் விவசாயிகளே தண்ணீரைத் தேக்கவேண்டாம் என்று கேட்கும்படி ஆனது. 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, கழிவே வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறைக்கு மாறிய பிறகுதான் திறக்க முடிந்தது. இந்த ஒரு நீர்நிலையை நாங்கள் வழியில் சேர்க்கவில்லை. சேர்த்திருக்கவேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். எங்கள் ஐந்து பேர் உடம்பிலும் இருந்தது திருப்பூர் பனியன்தான்.

பயிற்சி எவ்வளவு வேண்டும்?

ஆறு வாரம். வாரத்தில் மூன்று நாள் இருபது கிலோமீட்டர், ஞாயிறு நாற்பது. கால் தாங்கிவிடும், உட்காரும் இடம்தான் தாங்காது. அதற்குப் பஞ்சு வைத்த கால்சட்டையும், மேலே லுங்கியைத் தவிர ஏதாவதும் போதும். முழங்கால் முன்பக்கம் வலித்தால் சீட்டு தாழ்வாக இருக்கிறது என்று அர்த்தம். மிதி கீழே இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நீண்டிருக்கவேண்டும்.

அம்மிணிகள் வரலாமா?

இதை என் மனைவி கேட்டாள், கேட்ட விதத்தில் பதிலும் இருந்தது. வழியில் பயப்பட ஒன்றுமில்லை. உண்மையான பிரச்சினை கழிவறை. பெரிய ரோட்டுப் பெட்ரோல் பங்க், கோயில், ஊர் ஓட்டல் எங்கெங்கே என்று முதல்நாள் இரவே பார்த்துவைக்கவேண்டும். காங்கேயம்–தாராபுரம் நடுவில் ரொம்பக் குறைவு.

செலவு?

எங்களுக்கு ஒரு நாளைக்கு ஆளுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் வாக்கில் ஆனது. அறையைப் பகிர்ந்துகொண்டதும், பந்தல் சாப்பாடும், திண்ணைத் தூக்கமும் அதில் அடக்கம். ஜமக்காளமும் நெய்யும் அடக்கமில்லை.

சைக்கிளை எப்படித் திருப்பிக் கொண்டுவருவது?

ரயிலில் டிக்கெட்டோடு சரக்காகப் பதிவு செய்யலாம். பார்சல் அலுவலகத்துக்கு முன்பே போய், எந்த ரயிலில் ஏற்றுவார்கள் என்று கேட்டுவிடுங்கள். எல்லா ரயிலும் எல்லா ஊரிலும் ஏற்றும் அளவுக்கு நிற்காது. ஐந்து சைக்கிள் என்றால் அதைவிட எளிது பொள்ளாச்சியில் ஒரு குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) பிடிப்பது. பழைய போர்வைகளை நடுவில் வைத்துக் கட்டி, ஒருவர் கூடவே உட்கார்ந்து வந்துவிடலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம், மீதிப் பேர் பஸ்.

ஆழியாறு வரை போய்விட்டு வால்பாறை ஏறாமல் வந்தீர்களா?

ஏறவில்லை. நாற்பது கொண்டை ஊசி வளைவு, ஏழு நாள் ஓட்டிய கால், காட்டுப்பாதை. அணைக்கரையில் நின்று முதல் சில வளைவுகளில் பஸ் ஏறுவதைப் பார்த்தோம். பெங்களூர்க்காரன் மட்டும், "அடுத்த தை" என்றான். வாத்தியார் தன் கருப்பு சைக்கிளைத் தட்டிக்கொடுத்து, "இதுக்கு ஒரு கியர் போட்டுத் தரச்சொல்லு, அப்புறம் பேசலாம்" என்றார். அவன் ஈரோட்டில் கடை விசாரித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.